எல்லாமே ‘தடு’தானா? ஆங்கிலத்தின் தடுப்புச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில அகராதியில் ப்ரிவென்ட், த்வார்ட், ஃபாயில், ஹிண்டர், அப்ஸ்ட்ரக்ட், அவெர்ட், ஸ்டைமி என்று எதைத் தேடினாலும் எதிரே ‘தடு’ என்றுதான் போட்டிருக்கும். பொருள் கிடைத்துவிட்டதென்று நம்பி வாக்கியம் எழுதினால் எங்கோ இடிக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஆங்கிலத்தில் மெயில் எழுதுபவர்கள், செய்தி மொழிபெயர்ப்பவர்கள் எல்லாருமே இடித்துக்கொள்ளும் இடங்கள் இவை.

எல்லாமே ஒரே பொருள்தானே? ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போட்டால் என்ன?

தேர்வு வழிகாட்டிப் புத்தகங்கள் இவற்றை ஒரே வரிசையில் அடுக்கி ‘சினானிம்’ என்று மனப்பாடம் செய்யச் சொல்வதால் வந்த வினை இது. எது தடுக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள். தீ, நோய், வெள்ளம் போன்றவற்றுக்குத் திட்டம் கிடையாது. அவற்றை ப்ரிவென்ட் பண்ணலாம், த்வார்ட் பண்ண முடியாது. த்வார்ட், ஃபாயில் இரண்டுக்கும் எதிர்ப்பக்கம் யாரோ ஒருவர் ஏதோ நினைத்துக் காய் நகர்த்தியிருக்க வேண்டும். சதி, முயற்சி, ஆசை, பேராசை எல்லாம் த்வார்ட் ஆகும். கெடுப்பது யாராகவும் இருக்கலாம். மழைகூட ஒருவரின் திட்டத்தை த்வார்ட் செய்யும்.

அடுத்து, காரியம் நின்றதா, நொண்டியதா என்று பாருங்கள். ப்ரிவென்ட் என்றால் நடக்கவே இல்லை. ஹிண்டர், ஹாம்பர், இம்பீட் என்றால் நடந்தது, ஆனால் இழுபறியாக நடந்தது. ‘மழை மீட்புப் பணியை ஹாம்பர் செய்தது’ என்று ஆங்கில நாளிதழ் எழுதினால், மீட்புக் குழுவினர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்கள். அதை ‘மழையால் மீட்புப் பணி தடைபட்டது’ என்று தமிழாக்கினால் செய்தியே மாறிவிடும். ‘மழையால் மீட்புப் பணியில் சிரமம்’ என்பதே சரி.

அவாய்ட், ப்ரிவென்ட்: எதை எங்கே போடுவது?

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். காரணம் ‘தவிர்’ என்ற சொல். ‘பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது’ என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. ‘எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிருங்கள்’ என்று டாக்டரும் சொல்கிறார். தமிழில் இரண்டும் ஒரே வினை. ஆங்கிலத்தில் பலகாரத்துக்கு அவாய்ட், விபத்துக்கு அவெர்ட்.

அவாய்ட் என்றால் நான் விலகிப் போகிறேன். அந்தப் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ப்ரிவென்ட் என்றால் அது நிகழாமலே செய்துவிடுகிறேன். புகையிலையை அவாய்ட் செய்தால் புற்றுநோய்கள் பலவற்றை ப்ரிவென்ட் செய்யலாம். இந்த வாக்கியத்தில் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், தடுமாற்றம் தெரியும். ‘தடுப்பூசி தட்டம்மையை அவாய்ட் செய்கிறது’ என்று எழுதினால், தட்டம்மை தெருவில் வருவதைப் பார்த்து ஊசி எதிர்ப்பக்கம் போய்விட்டது போல் இருக்கும்.

அவெர்ட் இதில் தனி ரகம். தலைக்கு மேல் வந்துவிட்ட ஆபத்து கடைசி நேரத்தில் விலகியது என்ற படபடப்பு அதில் உண்டு. லத்தீனில் ‘திருப்பு’ என்ற வேரிலிருந்து வந்தது. பார்வையைத் திருப்பிக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான்.

‘ப்ரிவென்ட் டு கோ’ என்று எழுதலாமா?

கூடாது. ‘ஹி ப்ரிவென்டட் மீ ஃப்ரம் கோயிங்’ என்பதே முறை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்த ‘ஃப்ரம்’ உதிர்ந்து ‘ப்ரிவென்டட் மீ கோயிங்’ என்றும் வரும். அமெரிக்கர்களுக்கு அது பழக்கமில்லை. ஸ்டாப் என்ற வினையிலும் ஃப்ரம் இல்லாமல் ஒப்பேற்றலாம்.

ஆனால் ‘கீப்’ வரும்போது ஃப்ரம்-ஐ விட்டீர்களோ, கதை தலைகீழ். ‘கீப் ஹிம் ஃப்ரம் டிரிங்கிங்’ என்றால் அவனைக் குடிக்கவிடாதே. ‘கீப் ஹிம் டிரிங்கிங்’ என்றால் ஊற்றிக்கொண்டே இரு.

‘ஸ்டாப் ஸ்மோக்கிங்’ புகையை நிறுத்துவது; ‘ஸ்டாப் டு ஸ்மோக்’ புகைக்கவென்றே வண்டியை நிறுத்துவது. ஃபர்பிட் மட்டும் ‘டு’ கேட்கும், ப்ரொஹிபிட் ‘ஃப்ரம்’ கேட்கும். இதற்குத் தர்க்கமெல்லாம் தேட வேண்டாம், பழக்கம்தான்.

ப்ரிவென்ட் என்ற சொல்லில் ‘முன்’ என்ற பொருள் இருக்கிறதாமே?

இருக்கிறது. லத்தீனில் ‘முன்னால் வருதல்’ என்பதே அதன் வேர். 1611-ல் வெளியான ஆங்கில விவிலியத்தில், சங்கீதம் 119:147-ல் ‘ஐ ப்ரிவென்டட் தி டானிங் ஆஃப் தி மார்னிங்’ என்று வருகிறது. விடியலை அங்கே யாரும் தடுக்கவில்லை; பொழுது விடியுமுன் எழுந்துவிட்டேன் என்றுதான் பொருள். முந்திக்கொள்வது பிறகு மெல்ல ‘நடக்கவிடாமல் செய்வது’ ஆகிவிட்டது.

தமிழ்நாட்டு அரசின் மருத்துவ முகாம் திட்டத்துக்கு ‘வருமுன் காப்போம்’ என்று பெயர் வைத்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ அந்த வேரைத் தொட்டுவிட்டார்கள்.

நம் செய்திகளில் இந்த ‘முன்’ பளிச்சென்று தெரிவது ப்ரிவென்டிவ் டிடென்ஷன் என்னும் தடுப்புக் காவலில். ‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்று பேச்சில் சொல்கிறோமே, அது தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு 14-வது சட்டம். செய்த குற்றத்துக்கான தண்டனை அல்ல அது. இனிமேல் செய்துவிடுவார் என்று சொல்லி அதிகபட்சம் 12 மாதம் வரை உள்ளே வைப்பது. அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. இதை வெறும் ‘கைது’ என்று எழுதும் செய்திகள் பாதியைத்தான் சொல்கின்றன. ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மீதும் குண்டாஸ் பாய்வது எப்படி என்று வாசகர் குழம்புவதற்கும் அதுவே காரணம்.

ஃபோர்ஸ்டால் என்பதும் முந்திக்கொள்வதுதானா?

ஆமாம், இந்தக் கூட்டத்திலேயே எனக்குப் பிடித்த சொல்லும் இதுதான். பழைய ஆங்கிலத்தில் இது வழிமறித்துத் தாக்குவதைக் குறித்தது. பின்னால் வியாபாரத்துக்குள் நுழைந்தது. சந்தைக்குத் தானியம் கொண்டுபோகும் குடியானவரை வழியிலேயே மடக்கி, மூட்டைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு, சந்தையில் விலையை ஏற்றி விற்பவனுக்கு ஃபோர்ஸ்டாலர் என்று பெயர். இங்கிலாந்தில் இது குற்றம். 1552-ல் தனிச் சட்டமே போட்டார்கள். தடையற்ற வாணிபம் பற்றிய பேச்சு வலுத்த காலத்தில், 1772-ல் அந்தச் சட்டம் நீங்கியது. வழக்காற்றுச் சட்டத்தில் மிச்சமிருந்த குற்றத்தையும் 1844-ல் எடுத்துவிட்டார்கள். சொல் மட்டும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து வெளியே வந்து கௌரவமாகிவிட்டது.

இன்றைக்கு ஃபோர்ஸ்டால் செய்வது கேள்வியை, விமர்சனத்தை, எதிராளியின் அடுத்த நகர்வை. அமைச்சர் பேட்டியைத் தொடங்கும்போதே ‘நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும்’ என்று தானே பதில் சொல்லிவிட்டால் அது ஃபோர்ஸ்டால்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் கேவியட். பாகப்பிரிவினைத் தகராறில் தம்பி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்குவான் என்று அண்ணனுக்குத் தெரியும். ‘என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்’ என்று அண்ணன் முந்திக்கொண்டு மனுப் போடுகிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவு அது. 90 நாள் செல்லும். தம்பி வழக்குப் போடுவதை அது ப்ரிவென்ட் செய்யாது. தம்பி நினைத்த அதிரடி உத்தரவை ஃபோர்ஸ்டால் செய்யும்.

த்வார்ட், ஃபாயில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

நூலிழைதான். இரண்டுக்கும் ‘முறியடி’ பொருந்தும். த்வார்ட் பழைய நார்ஸ் மொழியில் ‘குறுக்கே’ என்ற பொருளில் இருந்து வந்தது. ஒருவர் போகிற வழிக்குக் குறுக்கே இன்னொன்று விழுகிறது. ஃபாயில், மிதித்துத் துவைப்பதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வேட்டை நாய்கள் மோப்பம் பிடிக்க முடியாதபடி விலங்கு தன் தடத்தையே மிதித்துக் குழப்புவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினை. சாப்பாடு சுற்றும் அலுமினிய ஃபாயிலுக்கும் இதற்கும் உறவில்லை, அது லத்தீனில் ‘இலை’.

வழக்கில் ஃபாயில் பெரும்பாலும் ஒற்றைச் செயலுக்கு வரும்: கொள்ளை முயற்சி, கடத்தல், வங்கி ஏடிஎம் உடைப்பு. த்வார்ட் நீண்ட ஆசைகளுக்கும் வரும். ஒருவரின் முதல்வர் கனவு த்வார்ட் ஆகலாம். ஃபாயில் ஆனதென்றால் அவரைத் திருடனாக்கியது போல் தொனிக்கும். உச்சரிப்பில் த்வார்ட் என்பது ‘ஷார்ட்’ போல் ஒலிக்கும்.

ஸ்டைமி என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

கோல்ஃப். குழிக்கும் உங்கள் பந்துக்கும் நடுவே எதிராளியின் பந்து வந்து நின்றுவிட்டால் அதற்கு ஸ்டைமி. இரண்டு பந்துக்கும் இடையே ஆறு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பந்தை எடுக்கச் சொல்ல முடியாது. சுற்றியோ மேலே தாண்டியோதான் அடிக்க வேண்டும். 1952-ல் இந்த விதியை நீக்கிவிட்டார்கள். ஆட்டத்தில் செத்த சொல் செய்தித்தாளில் உயிரோடு இருக்கிறது. ‘நகர விடாமல் வழியில் உட்கார்ந்திருப்பது’ என்ற தொனி இருப்பதால் நிதிப் பற்றாக்குறை, அதிகாரிகளின் மெத்தனம், கூட்டணிச் சண்டை போன்றவற்றோடு சேரும். தமிழில் ‘முட்டுக்கட்டை’ கச்சிதமாகப் பொருந்தும்.

அப்ஸ்ட்ரக்ட் என்பதில் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

மரம் விழுந்து சாலையை அப்ஸ்ட்ரக்ட் செய்தால் குற்றமில்லை. மனிதர் செய்தால் பெரும்பாலும் குற்றம்தான். ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு’ என்று வாரத்துக்கு நாலு செய்தி படிக்கிறோமே, அதன் மூலம் இந்த வினை. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 186-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை. அதோடு கைகலப்பும் சேர்ந்தால் பழைய 353, இப்போதைய 132. அந்தப் பிரிவில் வரும் வினை ‘டிட்டர்’. பயமுறுத்திப் பின்வாங்கச் செய்வது என்று பொருள்; லத்தீனில் அச்சம் என்பதே அதன் வேர்.

கிரிக்கெட்டிலும் இது ஒரு குற்றம்: ‘அப்ஸ்ட்ரக்டிங் தி ஃபீல்ட்’. டெஸ்டில் முதன்முதலாக இப்படி அவுட் ஆனவர் லென் ஹட்டன், 1951-ல் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. மேலே எழும்பிய பந்து ஸ்டம்பில் விழுந்துவிடப் போகிறதென்று மட்டையை வீசினார். கேட்ச் பிடிக்க வந்த விக்கெட் கீப்பர் ரஸல் எண்டீனுக்கு அது குறுக்கே வந்துவிட்டது. ஆறு வருடம் போய், 1957-ல் கேப்டவுனில் அதே எண்டீன் பந்தைக் கையால் தட்டி, டெஸ்டில் ‘ஹாண்டில்டு தி பால்’ முறையில் அவுட் ஆன முதல் ஆள் ஆனார்! 2017-ல் அந்த முறையையும் அப்ஸ்ட்ரக்டிங் தி ஃபீல்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். வேண்டுமென்றே செய்திருந்தால்தான் அவுட் என்று விதி சொல்கிறது. நம் மொஹிந்தர் அமர்நாத், ஒருநாள் ஆட்டங்களில் 1986-ல் ஒரு முறையிலும் 1989-ல் மறு முறையிலும் அவுட் ஆகி இரண்டையும் பார்த்தவர்.

ஸ்டே, இன்ஜங்ஷன், குவாஷ் மூன்றையும் ‘தடை’ என்றே எழுதலாமா?

எழுதுகிறார்கள். எழுதக் கூடாது. ஸ்டே ஓர் உத்தரவையோ வழக்கையோ அப்படியே நிறுத்தி வைக்கிறது, தூங்குகிறது, சாகவில்லை. இன்ஜங்ஷன் ஆளைக் கட்டுகிறது: இந்த நிலத்தில் நுழையாதே, இந்தச் சுவரை இடிக்காதே. வழக்கு முடியும்வரை என்றால் தற்காலிகம், தீர்ப்போடு வந்தால் நிரந்தரம். குவாஷ் என்றால் எஃப்ஐஆரோ அரசாணையோ ரத்து, இனி எழுந்திருக்காது. எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவு. ‘ஸ்டே வாங்கிட்டான்’ என்று ஊரில் யாராவது சொன்னால், எதற்கு ஸ்டே, யாருக்கு இன்ஜங்ஷன் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

‘செம ஃப்ரஸ்ட்ரேஷன்’ என்கிறோமே, அதற்கும் தடுப்பதற்கும் தொடர்பு உண்டா?

மனச்சோர்வு என்பது விளைவு. வினையின் பொருள் ‘வீணாக்கு’. மழை ஒரு கிரிக்கெட் அணியின் வெற்றி வாய்ப்பை ஃப்ரஸ்ட்ரேட் செய்தது என்று எழுதினால் மழை யாரையும் கடுப்பேற்றியதாகப் பொருளில்லை.

ஒப்பந்தச் சட்டத்தில் இது கலைச்சொல். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலம் லண்டனில் நடப்பதாக இருந்தது. வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஹென்றி என்பவர் பால்மால் தெருவில் கிரெல் என்பவரின் அறைகளை 75 பவுண்டுக்கு எடுத்தார், 25 பவுண்டு முன்பணமும் கட்டினார். அரசருக்குக் குடல்வால் அழற்சி, அறுவை சிகிச்சை, ஊர்வலம் தள்ளிப்போனது. மீதி 50 பவுண்டு எங்கே என்று கிரெல் வழக்குப் போட்டார். ஊர்வலம்தான் ஒப்பந்தத்தின் உயிர், அது போனதால் ஒப்பந்தம் ஃப்ரஸ்ட்ரேட் ஆகிவிட்டது, தர வேண்டாம் என்று 1903-ல் தீர்ப்பு. இந்தியாவில் இதற்கு 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு இருக்கிறது.

பாய்காட் இந்தப் பட்டியலில் சேருமா?

பாதிதான் சேரும். பாய்காட் நேரடியாக எதையும் தடுப்பதில்லை. ஒத்துழைப்பை உருவிவிடுகிறது, காரியம் தானாக நிற்கிறது. ஆனால் கதை நல்ல கதை.

1880, அயர்லாந்தின் மேயோ மாவட்டம். ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ் போனது. அந்தச் செப்டம்பரில்தான் பார்னல் என்ற அரசியல் தலைவர் என்னிஸ் நகரக் கூட்டத்தில், பிடுங்கப்பட்ட நிலத்தை எடுப்பவனோடு யாரும் பேசாதீர்கள், ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லியிருந்தார். மேயோ மக்கள் அதைக் காரியஸ்தருக்கே செய்துகாட்டினார்கள். பண்ணையாட்கள் நின்றார்கள். கடைக்காரர் சாமான் தரவில்லை. துணி வெளுக்க ஆளில்லை, கடிதம் கொண்டுவர ஆளில்லை. விளைச்சலை அறுக்க வடக்கே இருந்து ஐம்பது பேர் வந்தார்கள், அவர்களுக்குக் காவலாக ஆயிரம் பேர் அளவுக்குப் படையும் போலீசும். சுமார் 500 பவுண்டு விளைச்சலை அறுக்க ஏறத்தாழ 10,000 பவுண்டு செலவானதாகச் சொல்வார்கள். நவம்பர் கடைசியில் பாய்காட் ஊரைவிட்டே போனார்.

இதற்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய சொல் கிராமத்தாருக்கு வாயில் நுழையாது, காரியஸ்தர் பெயரையே வினையாக்கிவிடலாம் என்று சொன்னவர் அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஓ’மாலி. சில மாதங்களில் ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் பரவியது. தமிழில் முதலில் பகிஷ்காரம், பிறகு புறக்கணிப்பு. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்துக்கு இன்றும் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்றே எழுதுகின்றன. நம் கிராமங்களில் ‘ஊரைவிட்டுத் தள்ளிவைத்தல்’ பாய்காட்டின் அண்ணன். ஆனால் அங்கே வலியவர்கள் எளியவர்களைத் தள்ளிவைத்தார்கள், மேயோவில் எளியவர்கள் வலியவரை. அதனால் இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனமில்லை.

ஃபிலிபஸ்டர் செய்தால் மசோதா செத்துவிடுமா?

சாக வேண்டியதில்லை. அமெரிக்க செனட்டில் பேசிப் பேசியே வாக்கெடுப்பை இழுத்தடிப்பதுதான் ஃபிலிபஸ்டர். 1957-ல் ஸ்ட்ரோம் தர்மாண்ட் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். அவர் உட்கார்ந்ததும் மசோதா நிறைவேறியது. பேச்சை முடித்துவைக்க இப்போது 60 உறுப்பினர்கள் கைதூக்க வேண்டும் என்பதால், நின்று பேசாமலேயே மிரட்டிக் காரியத்தை முடிக்கிறார்கள். நம் நாடாளுமன்றத்தில் நடப்பதற்கு ‘ஸ்டால்’, ‘டிஸ்ரப்ட்’ போதும். தமிழில் ‘அவை முடங்கியது’. ஸ்டோன்வால் வேறு: கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுவர்போல் நிற்பது. கிரிக்கெட்டில் கட்டை போடுபவருக்கும் அதே பெயர்.

சபடாஜ், ஸ்கட்டில் இரண்டும் நாசவேலைதானே?

சபடாஜ் நாசவேலை, சரி. தொழிலாளர்கள் மரக்கட்டைச் செருப்பை இயந்திரத்துக்குள் எறிந்ததால் வந்த பெயர் என்ற கதையை நம்பாதீர்கள். செருப்பு வேரில் இருப்பது உண்மை, எறிந்ததற்குத்தான் ஆதாரமில்லை.

ஸ்கட்டில் தன் கப்பலைத் தானே மூழ்கடிப்பது. 1919 ஜூன் 21 அன்று ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஸ்காப்பா ஃப்ளோவில் அடைபட்டிருந்த 74 ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தளபதி ஃபோன் ராய்ட்டர் மூழ்கடிக்கச் சொன்னார், 52 மூழ்கின. வென்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாதென்று செய்த வேலை. இன்று பேச்சுவார்த்தையை ஸ்கட்டில் செய்தார்கள் என்றால், பெரும்பாலும் உள்ளே இருந்தவர்களே ஓட்டை போட்டார்கள் என்ற வாடை அடிக்கும்.

வதந்திக்கு எந்தச் சொல்?

ஸ்காட்ச், அதாவது பொய்யென்று காட்டி அடக்குவது. விஸ்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘நிப் இன் தி பட்’ என்றால் முளையிலேயே கிள்ளுவது. அதற்கு வதந்தி இன்னும் ஊரைச் சுற்றாமல் இருக்க வேண்டும். ஊர் சுற்றி முடித்துவிட்டதென்றால் ஸ்காட்ச் மட்டுமே மிச்சம்.

ப்ரிவென்டிவா, ப்ரிவென்டடிவா?

இரண்டும் சரி. சின்னதைப் போடுங்கள்.

அலுவலக மெயிலில் எது பாதுகாப்பு?

நிகழ்ந்துவிட்ட தாமதத்துக்கு ‘டிலே’ என்றே எழுதுங்கள், இந்தக் கூட்டத்தில் எதையும் கூப்பிட வேண்டாம். சர்வர் பிரச்சினையால் வேலை மெதுவாகிறது என்றால் ஹாம்பர். இனிமேல் நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளருக்கு உறுதி சொல்ல ப்ரிவென்ட். மேலதிகாரி கேள்வி கேட்குமுன் விளக்கம் அனுப்புவது ஃபோர்ஸ்டால். ஆனால் அதைச் செய்யுங்கள், செய்கிறேன் என்று மெயிலில் எழுதாதீர்கள். பக்கத்துப் பிரிவு கோப்பைத் தரவில்லை என்பதற்கு ‘அப்ஸ்ட்ரக்ட்’ போட்டால் அது புகார் மனுவாகிவிடும். ‘வெயிட்டிங் ஃபார்’ போதும். லீவு கிடைக்காத கோபத்தில் மேலாளர் உங்கள் திட்டத்தை த்வார்ட் செய்தார் என்று எழுதினால், இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், அடுத்த லீவுக்கு மட்டும் வேறு மேலாளரைத் தேட வேண்டியிருக்கும்.